சின்னார்ல ஒண்ணுமே இல்லையேங்க? காஞ்ச காட்டுக்குப் போனவங்க வந்து சொல்லுங்க

டயர்தேஞ்சவன்:
ஏனுங்க, போன ஞாயித்துக்கெழம சின்னார் (உடுமலை மூணார் ரோட்ல, கேரளா பக்கம் இருக்கற வனவிலங்கு சரணாலயம்) போயிட்டு வந்த கடுப்புல எழுதறேன், திட்டறவங்க முழுசா படிச்சுட்டு திட்டுங்க. கோயமுத்தூர்ல இருந்து நானு, சம்சாரம், மச்சான், மச்சானோட ரெண்டு வாண்டுங்க. உடுமலைல டிபன முடிச்சு ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி சின்னார் போய்ச் சேரும்போது மணி 11 ஆயிப்போச்சு. மூணார் ரோடு சரணாலயத்துக்குள்ள 16 கிலோமீட்டர் போவுது, அதை ஏறி எறங்கி ரெண்டு தடவ ஓட்டியாச்சு. பாத்ததெல்லாம் சொல்றேன் எண்ணிக்கோங்க: கொரங்கு, ஒரு மயிலு, கள்ளி, முள்ளு, எலை கொட்டுன மரம், அப்புறம் எங்கள மாதிரியே எதையோ தேடிட்டு வந்த ஒரு சேலத்து வண்டி. சின்ன வாண்டு கேக்கறான், மாமா இது நம்மூரு ரயில்வே டேசனுக்குப் பொறத்தால இருக்கற காடு மாதிரியே இருக்குதேன்னு. எனக்கே பதில் வரல. ரூம் போட்ட எடத்துல யானை கேரண்டின்னு சொல்லித்தான் காசு வாங்குனாங்க. ஈகோ டூரிசம் ஈகோ டூரிசம்ங்கறாங்களே (காட்டக் கெடுக்காத சுற்றுலாவாம்), வெயில்ல காஞ்ச குச்சியப் பாக்கறதுக்கா?

சருகு:
கேரண்டி குடுத்தவன் மேல கோவப்படுங்க, காட்டு மேல எதுக்கு? இது மார்ச் மாசம். 11 மணி வெயில்ல எந்த ஜீவன் ரோட்டோரம் வந்து நிக்கும், நாமளே ஃபேனுக்கு அடில கெடப்போம்.

முதல்ல அந்த எடம் ஏன் அப்படி இருக்குன்னு பாருங்க. தென்மேற்குப் பருவமழைய ஆனமுடி, மூணார்ப் பக்கத்து மலையெல்லாம் வழிலயே வாங்கிக்குது, மிச்சம் இந்தப் பக்கம் எறங்கறது வெறும் காத்துதான். மூணார்ல குடை இல்லாம வெளிய வரமுடியாத ஆடி மாசத்துல சின்னார்ல புழுதி பறக்கும். வருஷத்துக்கே சுமாரா 500 மில்லிமீட்டர் மழை, மழை பெய்யற நாளு 48ன்னு கணக்கு சொல்றாங்க, அதுலயும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகைல. மாசி பங்குனில மரம் எலைய வச்சிருந்தா வேர்ல இருக்கற கொஞ்ச ஈரமும் எலை வழியா போயிரும், அதான் கொட்டிட்டு நிக்குது. செத்த மரம் இல்ல, கிளைய லேசா நகத்தால சொரண்டுனா உள்ள பச்சையா இருக்கும் (சும்மா சொல்றேன், சரணாலயத்துல போயி சொரண்டிறாதீங்க).

இன்னொண்ணு, மொத்தமே 90 சதுர கிலோமீட்டர்தான், 1984-ல அறிவிச்சது. ஆனா கீழ கடல்மட்டத்துல இருந்து 440 மீட்டர்ல ஆரம்பிச்சு மேல 2500 மீட்டர் வரைக்கும் ஏறுது. கீழ கள்ளியும் வேலமும், ஆத்தோரம் நீர்மருது, மேல போனா சோலைக்காடு. நீங்க பாத்தது தாழ்வாரம் மட்டுந்தான். வண்டிய விட்டு எறங்குனீங்களா, கைடு யாராச்சும் கூட்டிட்டுப் போனீங்களா?

டயர்தேஞ்சவன்:
எறங்கக் கூடாதுன்னுதான போர்டு வெச்சிருக்காங்க. கைடு கேட்டேன், 3 மணி நேரம் நடக்கோணும்னாங்க, வாண்டுங்கள வெச்சுட்டு ஆவாதுன்னு வந்துட்டோம்.

மறையூர்க்காரன்:
எறங்காம இருந்தீங்கல்ல அண்ணே, அதுக்கே ஒரு கும்பிடு. நான் இங்க 14 வருஷமா ஜீப் ஓட்றேன். கோடையில இங்க என்ன நடக்குதுன்னு சொல்றேன் கேளுங்க. காட்டுக்குள்ள ஓடையெல்லாம் வத்திப்போயிரும், மிச்சம் தண்ணி இருக்கறது பாம்பாறுலயும் சின்னாறுலயும்தான். காட்டுக்கும் ஆத்துக்கும் நடுவுல நம்ம ரோடு. ஆக யானைக்கோ காட்டுமாட்டுக்கோ தண்ணி வேணும்னா ரோட்டைத் தாண்டியே ஆகணும், சாயங்காலமும் விடிகாலையும். அந்த நேரத்துக்குத்தான் நம்மாளுங்க காரை ஓரங்கட்டி பாட்டுப் போட்டு முறுக்கு தின்னுட்டு இருப்பாங்க. போன வருஷம் ஆலாம்பட்டிக்குக் கீழ ஒரு வளைவுல ரெண்டு புள்ளயோட ஒரு பொம்பள யானை, கூட இன்னும் மூணு. ரோட்ல நாலு கார், அஞ்சாறு பைக்கு. ஒரு பய ஆக்சிலேட்டர முறுக்குறான், யானை பிளிறுனா வீடியோ நல்லா வருமாம். முக்கா மணி நேரம் அந்த யானைக தண்ணிக்கு எறங்க முடியாம மேல முள்ளுக்குள்ளயே நின்னுச்சு. கடைசில பெருசு தும்பிக்கையத் தூக்கி ஒரு எட்டு முன்னால வச்சுச்சு, அப்புறம் பாக்கணும் அந்தப் பய பைக்கப் போட்டுட்டு ஓடுன ஓட்டத்த.

அப்புறம் கைடு விஷயம். உள்ள 11 குடி (மலைவாசி மக்களோட ஊரு) இருக்கு, முதுவர், மலைப்புலையர். நடைக்குக் கூட்டிட்டுப் போறது அந்தக் குடிக்காரங்கதான், சூழல் மேம்பாட்டுக் குழு வழியா அவங்களுக்குக் கூலி போகுது. ரூமுக்குக் குடுத்த காசு ரூம்காரனுக்கு. கைடுக்குக் குடுத்தது காட்டுக்குள்ள இருக்கறவனுக்கு. ரேட்டு அப்பப்ப மாறும், வர்றதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

அப்புறம் அந்தக் காஞ்ச குச்சில ரெண்டு மூணு சந்தனமா இருந்திருக்கும். மோந்து பாத்தா மணக்காது, உள்ள வைரம் பாஞ்சாத்தான் வாசம். பக்கத்து மரத்து வேர்ல வாய வச்சு உறிஞ்சித்தான் அதுவே பொழைக்குது.

கணக்குப்புள்ள:
எல்லாம் சரி. கோவைல இருந்து மறையூர் போக வர 220 கிலோமீட்டருக்கு மேல, காருக்கு 14, 15 லிட்டர் எண்ணெய். அதுக்கப்புறம் உள்ள போயி ஸ்டீல் பாட்டில்ல தண்ணி குடிச்சா ஈகோவா? எனக்கு இது புரியவே மாட்டேங்குது. காட்டு மேல அவ்வளவு பாசம்னா போகாம வீட்ல இருக்கறதுதான் ஒரே ஈகோ. நீலகிரி மசினகுடில 2021-ல யானை மேல எரியற டயரத் தூக்கி வீசுனது விடுதி நடத்துனவங்கதான? பின்ன அதே பக்கத்து சீகூர் யானை வழித்தடத்துல இருந்து ரிசார்ட்டெல்லாம் காலி பண்ணணும்னு சுப்ரீம் கோர்ட்டு 2020-ல சொன்னது எதுக்கு? ஆளு போகப் போக கட்டடம் வரும், கட்டடம் வந்தா வேலி வரும், வேலி வந்தா கரண்ட் வரும்.

சருகு:
பாதி ஒத்துக்கறேன். விடுதிப் பிரச்சனை நெஜம். ஆனா யாரும் போகலன்னா என்ன ஆகும்னும் பாருங்க. நடைக்குக் கூட்டிட்டுப் போற அதே ஆளுங்கதான் கோடையில தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாம இருக்க புல்ல எடுத்துட்டு விடற பட்டை) வெட்டறாங்க. வருமானம் இல்லன்னா அவரு மூணார்ல கட்டட வேலைக்குப் போயிருவாரு, காட்டத் தெரிஞ்ச ஒருத்தர் கொறைஞ்சாரு. போறதா வேண்டாமான்னு கேக்கறத விட, எதுல போற, எங்க தங்கற, யாருக்குக் காசு குடுக்கற, இதக் கேளுங்க. உடுமலை மூணார் பஸ்சு எப்படியும் ஓடத்தான் போகுது, அதுல ஒரு சீட்டுல உக்காந்தா உங்க 15 லிட்டர் கணக்கு படுத்துரும்.

கணக்குப்புள்ள:
பஸ்சுல நீங்க போவீங்க. இங்க எழுதறவங்க பத்து பேர்ல எத்தனை பேர் போவாங்க?

கொத்தவரங்கா:
நான் போலாம்னு இருக்கேன், அதனால கேக்கறேன். திருப்பூர். அம்மாக்கு 62 வயசு, முட்டி கொஞ்சம் மக்கர், ஆனா காட்டு வேலை செஞ்ச ஒடம்பு. பஸ்சுல வந்து செக்போஸ்ட்லயே எறங்கலாமா? 3 மணி நேரம் நடக்க முடியுமா? அட்டை கடிக்குமா, அட்டைன்னா எங்கம்மா அலறிடுவாங்க.

மறையூர்க்காரன்:
சின்னார் செக்போஸ்ட்லயே எறங்கலாம்மா, ஆபீஸ் அங்கயே இருக்கு. பஸ்சு கொறச்சல்தான், காலைல வர்ற பஸ்ச விட்டுட்டா மத்தியானம் வெயில்ல நடக்கணும். திரும்பற பஸ்சு எப்பன்னு எறங்கும்போதே கண்டக்டர்ட்ட கேட்டு வச்சுக்கோங்க. முட்டி வலிக்கு ஆத்தோர நடை பரவால்ல, ஏத்தம் கம்மி. தூவானம் அருவிப் பக்கம் வேண்டாம், எறக்கம் ஏத்தம் ரெண்டும் உண்டு. அருவி ரோட்ல இருந்தே தூரத்துல வெள்ளக் கோடா தெரியும், அது போதும்.

சருகு:
அட்டை கெடையாது, அது ஈரக்காட்டு சமாச்சாரம். இங்க உண்ணி! புல்லு நுனில உக்காந்திருக்கும், குண்டூசித் தலையில பாதிகூட இருக்காது, காலு ஒரசுனா ஏறிக்கும். வீட்டுக்கு வந்து மூணாம் நாள் இடுப்புல அரிக்கும்போதுதான் தெரியும், அரிப்பு ரெண்டு வாரம் போகாது. பேண்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க, புல்லுல உக்காராதீங்க, பாறைல உக்காருங்க. ஒட்டிருந்தா பிளக்கர வச்சு தலையோட நேரா இழுங்க, தீக்குச்சி வைக்கற வேலையெல்லாம் வேண்டாம். துணி மண்ணு கலர்ல இருக்கட்டும், பூ, சென்ட்டு வேணாம். தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர்.

நெல்லைவெயிலு:
ஏல, காஞ்ச காடுன்னா எங்க வல்லநாட்டுக்கு வாங்கல. 1987-ல ஆரம்பிச்ச சரணாலயம், 16 சதுர கிலோமீட்டர் சொச்சந்தான், வெளிமானுக்குன்னே உள்ளது. இந்தியாவுலயே தானா வாழுத வெளிமான் கூட்டத்துல தெக்குக் கோடி இதுதான்னு சொல்லுதாவ. குட்டையா முள்ளு மரமும் செம்மண்ணும் சரளையும், ஒரு நெழலு கெடையாது. நாலு தடவ போயி ரெண்டு தடவதான் மான் பாத்தேன், அதுவும் அரை மைலுக்கு அங்கிட்டு. ஆனா அது துள்ளுத துள்ளு இருக்கே, காலுல ஸ்பிரிங்கு வச்ச மாரி. காலைல 6 மணிக்கே போயிரணும், 8 மணிக்கெல்லாம் பாறை சுட்டுரும்.

வன்னிமரம்:
நான் வவுனியாப் பக்கம். நீங்கள் சொல்லுற காஞ்ச காடு எங்களுக்குச் சாதாரணம், உலர் வலயம் எண்டு பள்ளிக்கூடத்திலயே படிச்சனாங்கள். வில்பத்து எண்டுற எங்கட தேசியப் பூங்காவை 1988 கடைசியில மூடி 2003 இலதான் திரும்பத் திறந்தவை, அப்பாவுக்குத் தெரிஞ்ச காட்டை நான் வளர்ந்தாப் பிறகுதான் பார்த்தனான். பாலை மரமும் வீரை மரமும் நெருங்கி நிக்கிற காடு, நடுவில திடீரெண்டு வெளிச்சம், அதுதான் வில்லு, மழைத்தண்ணி நிக்கிற ஏரி. வைகாசி ஆனியில பாலைப்பழம் பழுக்கிற காலம் கரடி மரத்தில ஏறி இருந்து தின்னும். ஆனா எங்களுக்கு நடக்க விடமாட்டினம், ஜீப்பிலதான் போகவேணும். தெற்கில பேர்போன ஒரு பூங்காவில ஒரு சிறுத்தைக்கு முப்பது நாப்பது ஜீப் சுத்தி நிண்டதைப் பார்த்தாப் பிறகு எனக்கு அந்தப் பக்கமே மனம் வரேல்லை. நீங்கள் ஒரு ஆளோட காலால நடக்கலாம் எண்டுறதே பெரிய விசயம் அண்ணை, அதை விட்டுட்டு காருக்குள்ள இருந்து தேடினனீங்களே!

டயர்தேஞ்சவன்:
எல்லாரும் சேந்து என்னையக் கும்முங்க. மிருகம் இல்லீன்னு நான் சொல்லலீங்க, எனக்குத் தெரியலீன்னுதான் சொன்னேன். அது சரி, இதுக்கு முன்னாடி ஒருத்தர் நட்சத்திர ஆமை போட்டோ போட்டிருந்தாரே, அது எந்த எடம்ங்க?

மட்டுறுத்துநர்:
அந்தப் படத்தையும் அதுல இருந்த இடக்குறிப்பையும் நான்தான் தூக்கினேன். நட்சத்திர ஆமைய வீட்ல வளத்தா அதிர்ஷ்டம்னு ஒரு கூட்டம் அலையுது, சாக்குல கட்டி வெளிநாட்டுக்குக் கடத்தறது இன்னும் நிக்கல. 2019-ல சைட்டிஸ் ஒப்பந்தத்துல (காட்டு உயிர் வியாபாரத்தக் கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தம்) முதல் பட்டியலுக்கே ஏத்திட்டாங்க, அதாவது வெளிநாட்டு வியாபாரமே கூடாது. கடத்தல்ல புடிச்ச ஆமைங்கள கொண்டுவந்து பழக்கி விடற எடமும் சின்னார்தான். ஆமை, கூடு, குட்டி எதுக்கும் இங்க லொகேஷன் போடாதீங்க, போட்டா தூக்கிருவேன், கோவிச்சுக்கக் கூடாது.

சருகு:
நன்றி. அப்படியே தீ விஷயமும் சொல்லிடறேன், கொத்தவரங்கா கவனிக்கவும். மாசி பங்குனில தைலப்புல்லு காஞ்சு நிக்கும், ஒரு பீடித்துண்டு போதும். 2018 மார்ச் 11 தேனிப் பக்கம் குரங்கணில புடிச்ச தீயில மலையேறப் போன 23 பேர் செத்தது இதே மாதிரி காஞ்ச புல்லு மலைச்சரிவுலதான். அதுக்கப்புறந்தான் தமிழ்நாட்டுல மலையேத்தத்துக்குத் தனி விதி வந்துச்சு, 2024-ல 40 பாதைய வனத்துறையே ஆன்லைன் புக்கிங்ல கொண்டுவந்தாங்க. ரெண்டு மாநிலத்துலயும் தீ சீசன்ல நடைய நிறுத்தறதும் உண்டு, நிறுத்திருந்தா கெஞ்சாம திரும்பி வந்துருங்க. மழை முடிஞ்சு தை மாசம் போங்க, நடக்கவும் முடியும், தண்ணியும் ஓடும்.

கொத்தவரங்கா:
பத்து மாசம் கழிச்சு இழையத் தூசி தட்டறேன், தை கடைசில அம்மாவோட போயிட்டு வந்தாச்சு! பெருசா எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

உடுமலைல மொத பஸ்சு. ஒன்பதாறு தாண்டுனதும் ஜன்னல் வழியா வர்ற காத்தே மாறிருச்சு. சின்னார்ல எறங்கி காசு கட்டி, எங்க ரெண்டு பேருக்கு ஒரு கைடு. அம்பது வயசு இருக்கும், தோள்ல ஒரு துண்டு, கையில ஒரு குச்சி, அவ்வளவுதான். முதுவர் குடி. எங்ககிட்ட தமிழ், ஆபீஸ்ல மலையாளம், இன்னொரு கைடுகிட்ட எங்களுக்குப் பாதிதான் புரிஞ்ச அவங்க பேச்சு.

பத்து நிமிஷம் நடந்ததும் யானை பாக்கணுமான்னு கேட்டாரு. அம்மா பயந்து என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. அவரு அப்படியே பாதையில குத்தவச்சு உக்காந்து, மண்ணுல புனல் மாதிரி குட்டிக் குட்டியா குழி, அதுல ஒண்ணுக்குள்ள ஒரு புல்லத் தொட்டாரு. உள்ள இருந்து ஒரு பூச்சி படபடன்னு மண்ண வாரி எறியுது. குழியானைங்கறாரு. அம்மா விழுந்து விழுந்து சிரிக்கறாங்க, எங்கூர்ல இது குழிநரிங்க, சின்ன வயசுல எறும்பப் புடிச்சுப் போட்டு வேடிக்கை பாப்போம்னு. அவ்வளவுதான், அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேச்சு, நான் பின்னாடி தனியா நடக்கறேன்.

அம்மா பொறந்தது காங்கேயத்துக்குப் பக்கம், கொறங்காட்டு (முள்ளுவேலி போட்ட மேய்ச்சல் நெலம்) ஊரு. கிளுவை வேலி, வெள்வேலம் எல்லாம் அவங்களுக்கு வாசப்படி சமாச்சாரம். இங்க காட்டுக்குள்ள கிளுவையப் பாத்துட்டு, நம்ம வேலி இங்க வந்து நிக்குதுடின்னாங்க. அவரு ஒரு மரத்துக்கு ஒரு பேரு சொல்றாரு, அம்மா வேற பேரு சொல்றாங்க, பட்டையத் தடவிப் பாக்கறாங்க, விட்டுக்குடுக்கல ரெண்டு பேரும்.

ஆத்தோரம் எறங்குனதும் சட்டுனு வேற ஊரு. மேல முழுக்க மொட்டை, கீழ நீர்மருது வெள்ளைப் பட்டையோட வானத்துக்கு நிக்குது, கிளைக்குக் கிளை பின்னிருக்கு. சாம்பல் அணில் அங்கதான் பாத்தோம். அணில்னதும் நம்ம மூணு கோட்ட நெனைக்காதீங்க, பூனை அளவு, வாலு அதுக்கு மேல நீளம், நரைச்ச கெழவர் தலை மாதிரி முதுகு. புளியமரத்துல தலகீழாத் தொங்கிட்டு புளியங்காய ரெண்டு கையாலயும் திருப்பித் திருப்பி தின்னுது, ஓடு எங்க தலையில விழுது. தரைக்கு எறங்கறதே அபூர்வமாம், கிளை வழியாத்தான் போக்குவரத்து, நடுவுல ஒரு பெரிய மரம் விழுந்தா அதுக்குப் பாலம் போன மாதிரின்னாரு. பத்து நிமிஷம் கழுத்து வலிக்கப் பாத்தோம்.

அப்புறம் கொஞ்ச தூரத்துல அம்மா மூக்கச் சுருக்கி, என்ன மாட்டுச்சாளை வாசம் அடிக்குதுன்னாங்க. கைடு நின்னுட்டாரு. முன்னாடி கெடந்த சாணத்துல பொறங்கைய வச்சுப் பாத்தாரு, சூடு போலருக்கு. கையக் காட்டி பாறைக்குப் பின்னாடி எங்கள நிக்க வச்சுட்டாரு. இருபது நிமிஷம் ஒரு பேச்சு இல்ல. உள்ள எங்கயோ கிளை ஒடியற சத்தம், பெறகு வயித்துக்குள்ள உருட்டற மாதிரி ஒரு சத்தம், பெறகு ஒண்ணும் இல்ல. எதுவும் தெரியல கண்ணுக்கு. திரும்பிருவோம்னு சைகை காட்டி வந்த வழியே கூட்டிட்டு வந்துட்டாரு. மிச்ச நடை அதோட ரத்து. காசு திருப்பித் தரல, நாங்களும் கேக்கல.

உண்ணி: எனக்கு 7, அம்மாக்கு ஒண்ணு. மொட்டைமாடில வெயில்ல உக்காந்து பிடுங்குனோம். சாக்ஸுக்குள்ள சொருகச் சொன்னத நான்தான் கேக்கல.

வன்னிமரம்:
வாசிக்கவே சந்தோசமா இருக்கு தங்கச்சி. அந்த வயித்துக்குள்ள உருட்டுற சத்தம் யானை தங்களுக்குள்ள கதைக்கிற சத்தம்.

கணக்குப்புள்ள:
ஒரு கைடு, ரெண்டு பேர், பஸ்சு. சரி, இதுல நான் குத்தம் கண்டுபுடிக்கணும்னா கஷ்டப்படணும். ஆனா இதையே 200 பேர் ஒரே நாள்ல செஞ்சா?

மறையூர்க்காரன்:
செய்ய முடியாது சார், கைடு அத்தன பேர் இல்ல. கொத்தவரங்கா, அந்த மரம் எதுன்னு கைடுகிட்ட நேத்து கேட்டேன். உங்க அம்மா சொன்னது வெள்வேலுதானாம், ஆனா அங்க நேர்ல ஒத்துக்க மனசு வரலயாம். கூட்டிட்டு வரச்சொன்னாரு மறுபடி, கேப்பை விதை குடுக்கறாராம்.

டயர்தேஞ்சவன்:
ஆக யானை நீங்களும் பாக்கல. நானும் பாக்கல. ஒரே மார்க்குதான், ஆனா உங்களுக்குச் செலவு கம்மி. அதென்ன புளியமரம் ரோட்ல இருந்து தெரியுமாங்க? சின்ன வாண்டுகிட்ட வாய விட்டுட்டேன், பூனை அளவு அணில் இருக்குதாம்டான்னு, ரெண்டு நாளா நச்சரிக்கறான்.

மறையூர்க்காரன்:
ரோட்ல இருந்து தெரியாது அண்ணே.

டயர்தேஞ்சவன்:
நெனச்சேன், நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு. அந்த உடுமலை மொத பஸ்சு ஞாயித்துக்கெழமயும் உண்டுங்களா?

மறையூர்க்காரன்:
உண்டு. சீட்டு கெடைக்காது, பொள்ளாச்சி ஆளுங்க ஏறிருவாங்க. சனிக்கெழம வாங்க.